சுங்கை சிப்புட்டிலிருந்து பெத்தோங் வரை: காடியில் இருவர், மலைச்சாலை, முதல் பயணம்

பெத்தோங் வெளிநாடுதான். ஆனால் சுங்கை சிப்புட்டில் விடியற்காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பினால், கோலகங்சார், லெங்கோங், கெரிக், பெங்காலான் உலு வழியாக மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். எல்லை வரை சுமார் 150 கிலோமீட்டர். எல்லையைத் தாண்டிப் பத்து கிலோமீட்டருக்குள் பட்டணம். அதற்கு அப்பால் தாய்லாந்தின் 410ஆம் எண் சாலை, மலை மடிப்புகளில் புகுந்து புகுந்து வடக்கே யாலா வரை போகிறது.

முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் எல்லைச் சாவடியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அங்கே தப்பு நடந்தால் ஒரு தாளை மறுபடி எழுதிக் கொடுக்கலாம். மலை இறக்கத்தில் அப்படி மறுபடி எழுத முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் தாள்களைவிட இறக்கத்துக்கும், இடப்பக்கம் உட்காரும் கூட்டாளியின் வேலைக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கூட்டாளிக்கு என்ன வேலை

காடியில் இருவர் போனால் இருவருக்கும் வேலை உண்டு. ஓட்டுபவர் சாலையையும் கண்ணாடிகளையும் மட்டும் பார்க்க வேண்டும். கைப்பேசி, வழி, தண்ணீர், சில்லறைக் காசு, கடப்பிதழ்கள், பாட்டு, குளிர்சாதனம் எல்லாம் கூட்டாளி பொறுப்பு. அதோடு முன்னே வரும் வளைவையும், மலைச்சரிவில் மண் சரிந்திருக்கிறதா என்பதையும், பின்னால் அவசரப்பட்டு ஒட்டிக்கொண்டு வரும் லோரியையும் அவர் பார்த்துச் சொல்லிக்கொண்டே வர வேண்டும்.

கிளம்புவதற்கு முன்பே இரண்டு சொற்களை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "மெதுவா" என்றால் ஓட்டுபவர் அந்தக் கணமே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். "நிப்பாட்டு" என்றால் அடுத்த பாதுகாப்பான ஒதுக்கிடத்தில் நிறுத்த வேண்டும். காரணத்தை நின்ற பிறகு கேட்டுக்கொள்ளலாம். "மச்சான், எனக்கு ஓட்டத் தெரியும்லா" என்று வளைவில் வாதாடுவதால்தான் பல பயணங்கள் கெட்டுப்போகின்றன. நிறுத்தச் சொல்லும் உரிமை இருவருக்கும் சமம். இதற்கு ஒத்துவராத ஆளோடு மலைக்குப் போகவே வேண்டாம்.

இருவருக்கும் லைசன்ஸ் இருந்தால் சமவெளியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், மலையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறையும் கை மாற்றுங்கள். வளைவுச் சாலையில் களைப்பு சீக்கிரம் வரும். ஓட்டுபவருக்கு அது தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். அடிக்கடி பிரேக் மிதிப்பது, வளைவுக்குள் நுழைந்த பிறகு ஸ்டீரிங்கைத் திருத்துவது, பேச்சு நின்றுபோவது, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் கை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

மலையில் தலைசுற்றல், வாந்தி வருகிறவர் முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்தைப் பார்க்க வேண்டும். கைப்பேசித் திரையைப் பார்க்கக் கூடாது. வெறும் வயிறும் ஆகாது, நெய் சொட்டும் பிரியாணியும் ஆகாது. வாந்தி மாத்திரையை மலை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். அது தூக்கம் வரவழைக்கும், அதனால் ஓட்டப்போகிறவர் அதைத் தொடக்கூடாது.

பத்து நாளுக்கு முன்: காடி

புறப்படும் நாளுக்கு முந்தின இரவு பட்டறைக்குப் போய்ப் பயனில்லை. பத்து நாளுக்கு முன் போனால்தான் கண்ட பழுதைச் சரிசெய்து, ஓட்டிப் பார்க்க நேரம் இருக்கும்.

முதலில் பிரேக் எண்ணெய். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 என்ற வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரம் ஏறினால் 155. எண்ணெய் கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழி உண்டாகும். நீராவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. அதனால்தான் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், காடி நிற்காது. இரண்டு வருடத்துக்கு மேல் மாற்றாத எண்ணெயோடு மலைக்குப் போகாதீர்கள். காடியின் கையேட்டில் சொன்ன வகையையே ஊற்றச் சொல்லுங்கள். பிரேக் பேட் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள காடி என்றால் அதையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பல பட்டறைகள் முன்சக்கரத்தோடு நிறுத்திவிடும்.

அடுத்து டயர். சட்டப்படி பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். மழையில் நனைந்த மலைச்சாலைக்கு அது போதாது, 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். பள்ளம் நன்றாக இருந்தாலும் ரப்பரில் வெடிப்பு விழுந்த பழைய டயர் ஈரச் சாலையில் பிடிக்காது. தோட்டப்புறக் காடிகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். செம்மண் பாதையில் கூர்க்கல் பக்கவாட்டை வெட்டியிருக்கும். முன்சக்கரத்தை முழுதாகத் திருப்பி, உள்பக்கச் சுவரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ரிம்மின் உள்ளே காய்ந்து ஒட்டியிருக்கும் செம்மண்ணைக் கழுவிவிடுங்கள். ஒரு பக்கம் மண் கனத்தால் சக்கரம் ஆடும். ஸ்டீரிங் நடுங்குவதைப் பார்த்து வேறு பழுது என்று நினைத்துப் பலர் காசைக் கொட்டுகிறார்கள்.

காற்று அளவு ஓட்டுபவர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. காலையில், டயர் சூடாகும் முன் பாருங்கள். ஸ்பேர் டயரையும் சேர்த்துத்தான்.

ஸ்பேர் டயர் இருப்பது மட்டும் போதாது. வீட்டு வாசலிலேயே ஒரு தடவை டயரை மாற்றிப் பாருங்கள். பட்டறையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிய நட்டை, காடியோடு வந்த குட்டை ஸ்பேனரால் அசைக்க முடியாமல் போவது மிகச் சாதாரணம். அது வீட்டு வாசலில் தெரிந்தால் நீளமான ஸ்பேனர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். மலையில் தெரிந்தால் மழையில் நிற்க வேண்டியதுதான்.

கூலன்ட், பேட்டரி, வைப்பர், எல்லா விளக்குகள் இவற்றைப் பட்டறைக்காரரே பார்த்துவிடுவார். வைப்பர் ரப்பரை மட்டும் யோசிக்காமல் புதிதாக மாற்றுங்கள்.

காடிக்குள்ளே இரண்டு விஷயம் உண்டு. ஓட்டுபவர் காலடியில் தண்ணீர் போத்தல் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் பெடல் இறங்காது. போத்தல்களைக் கதவுப் பையிலோ பின்னால் பெட்டிக்குள்ளோ வையுங்கள். கால்மிதி ஒன்றின்மேல் ஒன்றாகப் போடாதீர்கள். சிலிப்பர் போட்டு ஓட்டும் பழக்கத்தையும் இந்தப் பயணத்துக்காவது விட்டுவிடுங்கள், சிலிப்பரின் நுனி பெடலுக்கு அடியில் மாட்டும். பயணத்துக்கு முன் முனீஸ்வரர் கோயிலில் காடிக்குப் பூஜை போடுவது நம் வழக்கம், அது நடக்கட்டும். பூஜை முடிந்ததும் முன்கண்ணாடியில் தொங்கும் மாலையை எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டுவிடுங்கள். இடது வளைவில் எதிரே வரும் மோட்டார்சைக்கிளை மறைப்பதற்கு அந்த மாலை ஒன்றே போதும்.

ஒத்திகை: தாப்பா சாலை

வெளிநாட்டு மலையில் போய் இறக்கம் பழகக் கூடாது. அதற்கு நமக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. வார நாள் ஒன்றில் ஈப்போ தாண்டி சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறுங்கள். அது அகலமான சாலை. பிறகு தானா ராத்தா, ரிங்லெட் வழியாக 59ஆம் எண் பழைய சாலையில் தாப்பாவுக்கு இறங்குங்கள். அது ஒடுங்கலானது, வளைவுக்கு மேல் வளைவு. பெத்தோங் பக்கம் வரக்கூடிய எல்லாவற்றையும் அந்தச் சாலையிலேயே பார்த்துவிடலாம். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் போகாதீர்கள். நெரிசலில் ஊர்ந்தால் ஒன்றும் பழக முடியாது.

இறக்கத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறிய காடி, இருவர், பைகள் எல்லாம் சேர்த்து 1,200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரம் இறங்குகிறோம். அந்த உயரத்தில் இருந்த ஆற்றல் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். அதை முழுவதும் வெப்பமாக்கினால் 45 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம், கல்யாண வீட்டில் ஒரு பெரிய அண்டா. காற்றும் டயர் உரசலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை இஞ்சினிடம் கொடுப்பதா, நான்கு சக்கர பிரேக்கிடம் கொடுப்பதா என்பதுதான் ஓட்டுபவர் கையில் இருக்கிறது.

இஞ்சினிடம் கொடுக்க வேண்டுமானால் கியரைக் குறைக்க வேண்டும். இறக்கம் தொடங்கும் முன்பே குறைக்க வேண்டும், வேகம் ஏறிய பிறகு அல்ல. ஒரு மேட்டை ஏற எந்தக் கியர் தேவையோ அதே கியரில் இறங்குவது என்று நம் பழைய லோரி ஓட்டுநர்கள் சொல்லித்தருவார்கள், இன்றைக்கும் அதுவே சரியான அளவு. மேனுவல் காடி என்றால் பெரும்பாலும் மூன்றாம் கியர், செங்குத்தான வளைவில் இரண்டாம் கியர். ஆட்டோ காடி என்றால் வழக்கமாக ஓட்டும் டி-யிலேயே விட்டுவிடாதீர்கள். கியர் கம்பிக்குப் பக்கத்தில் 3, 2, எல் என்றோ எஸ், பி என்றோ இருப்பவை இதற்காகத்தான். எது எதற்கு என்று கையேட்டில் படித்துவிட்டு, சமவெளியில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

கியர் குறைந்ததும் இஞ்சின் உறுமும். 3,000, 4,000 சுற்று காட்டும். புதியவர்கள் இதைக் கேட்டுப் பயந்து மறுபடி டி-க்குப் போய்விடுகிறார்கள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை அந்தச் சத்தத்தால் இஞ்சினுக்கு ஒரு கெடுதலும் இல்லை. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குவது மட்டும் கூடவே கூடாது. கியரில் இருந்துகொண்டு காலை எடுத்தால் இன்றைய இஞ்சின்கள் பெட்ரோல் பீய்ச்சுவதை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இஞ்சின் சும்மா ஓடப் பெட்ரோல் செலவாகும். மிச்சமும் இல்லை, பிடியும் இல்லை.

பிரேக்கை லேசாக மிதித்தபடியே இறங்காதீர்கள். வேகம் கூடினால் உறுதியாக ஒரு அழுத்து, வேகம் குறைந்ததும் முழுதாக விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் பிரேக் டிஸ்க் ஆறும். கால் எப்போதும் பெடலில் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஆறவே ஆறாது.

வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடித்துவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவுக்கு 20, 30 கிலோமீட்டர் வேகம் போதும். வளைவுக்குள் பிரேக்கை அழுத்தினால் எடை முன்னால் சாய்ந்து பின்சக்கரம் பிடி விடும், மழையில் இன்னும் மோசம். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், அதனால் இடது வளைவில் மலையோ புதரோ பார்வையை மறைக்கும். எதிரே வருகிறவர் நடுக்கோட்டைத் தாண்டி நம் பக்கம் வரக்கூடும். வலது வளைவில் வேகம் கூடிப்போனால் நாமே வெளி ஓரத்துக்கு, சாக்கடைக்கோ பள்ளத்துக்கோ தள்ளப்படுவோம். இரண்டிலும் நம் தடத்துக்குள்ளேயே இருப்பதுதான் வழி. கண்ணுக்குத் தெரியாத வளைவில் பகலில் ஒரு சின்ன ஹார்ன் கொடுங்கள். குவிகண்ணாடி வைத்திருந்தால் அதைக் கூட்டாளி பார்த்துச் சொல்லட்டும்.

கொண்டை ஊசியில் லோரியோ பேருந்தோ எதிரே வந்தால் அதற்கு இரண்டு தடமும் தேவைப்படும். வளைவுக்கு முன்பே நின்று இடம் விடுங்கள். பாதிவழியில் போய் மாட்டிக்கொண்டால் பின்னால் வருபவர்கள் எல்லாரும் ரிவர்ஸ் எடுக்க வேண்டி வரும்.

பாதியில் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி வரும். அங்கே நிறுத்துங்கள். இறங்கியதும் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் மோந்து பாருங்கள். எரிந்த வாடை அடித்தால், மேலேயிருந்து இவ்வளவு தூரமும் பிரேக்கைத்தான் நம்பி இறங்கியிருக்கிறீர்கள். ரிம்மைத் தொடாமல் கையைப் பக்கத்தில் வைத்தாலே சூடு தெரியும். வாடை இல்லாமல், இளஞ்சூட்டோடு அங்கே வந்து சேரும் நாள்தான் பெத்தோங்குக்குத் தயாரான நாள். இருவரும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் இருவரும் இந்தத் தேர்வில் தேற வேண்டும்.

தாள்கள்

கடப்பிதழில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் காலக்கெடு இருக்கட்டும். தாய்லாந்துக்குள் போகும் வெளிநாட்டவர்கள் 2025 மே 1ஆம் தேதியிலிருந்து டிடிஏசி என்னும் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். நுழையும் நாளுக்கு முந்தின மூன்று நாளுக்குள் நிரப்புங்கள், ஆளுக்கு ஒன்று. அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் இணையத்தளம் வந்தால் அது அரசாங்கத்தினுடையது அல்ல. நிரப்பியதைத் தாளில் அச்செடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

மலேசிய லைசன்ஸ் தாய்லாந்தில் செல்லும். ஆசியான் நாடுகள் 1985இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஒரு நாட்டின் லைசன்ஸை மற்றது ஏற்கிறது. ஆனால் கைப்பேசிச் செயலியில் உள்ள லைசன்ஸையும் சாலை வரியையும் மட்டும் நம்பிப் போகாதீர்கள். மலைச் சாவடியில் சிக்னல் இருக்காது. அட்டையாகவும் அச்சிட்ட தாளாகவும் கையில் இருக்கட்டும்.

காடியின் கிராண், அதாவது பதிவுச் சான்றிதழின் நகல் வேண்டும். கடன் முடியாத காடி என்றால் எல்லை தாண்ட வங்கியின் அனுமதிக் கடிதம் வாங்குங்கள், அதற்குச் சில நாள் பிடிக்கலாம். அப்பாவின் பெயரிலோ அண்ணன் பெயரிலோ உள்ள காடி என்றால் அவருடைய அனுமதிக் கடிதமும் மைகார்ட் (அடையாள அட்டை) நகலும் வேண்டும்.

காப்புறுதியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நம் காடிக் காப்புறுதி மலேசியா, சிங்கப்பூர், புருணை இந்த மூன்றுக்குத்தான். தாய்லாந்துக்கு நீட்டிப்பு வாங்கினால்தான் நம் காடிக்கு அங்கே பாதுகாப்பு. அது தவிர, தாய்லாந்துச் சட்டப்படியான கட்டாயக் காப்புறுதியை எல்லைக்குப் பக்கத்துக் கடைகளில் வாங்கியே ஆக வேண்டும். அது விபத்தில் காயப்பட்ட மனிதர்களுக்கு மட்டும்தான் கொடுக்கும். இடிபட்ட காடிக்கு, அது நம்முடையதானாலும் அவர்களுடையதானாலும், ஒரு காசும் வராது. அதனால் இரண்டும் வாங்குங்கள்.

எல்லையில் காடிக்காக டிஎம் 2, டிஎம் 3 படிவங்களையும் தாய்லாந்துச் சுங்கத் துறையின் படிவத்தையும் கொடுக்க வேண்டும். காப்புறுதி விற்கும் கடைகளிலேயே சில வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு இவற்றைத் தட்டச்சு செய்து தருவார்கள். புதியவர்கள் அங்கேயே செய்துகொள்வது நல்லது. கொடுக்கும் தாளில் காடி எண், சேஸிஸ் எண், பெயர் மூன்றும் கிராணோடு ஒத்துப்போகிறதா என்று கூட்டாளி ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்கட்டும். சுங்கத் துறை முத்திரை குத்தித் திருப்பிக் கொடுக்கும் தாளைப் பத்திரமாக வையுங்கள். திரும்பும்போது அதைக் கொடுத்தால்தான் காடி வெளியே வந்ததாகக் கணக்கு. நாள் தாண்டினால் அபராதம்.

வேப் (மின்சிகரெட்) வைத்திருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், தாய்லாந்தில் அது சட்டவிரோதம். திரும்பும்போது கஞ்சா கலந்த மிட்டாய், பானம் எதையும் தெரியாத்தனமாகக்கூட வாங்கி வராதீர்கள். அங்கே கடையில் விற்றது என்று சொன்னாலும் நம் நாட்டுச் சட்டம் விடாது.

யாலா, பத்தானி, நராத்திவாட் மாநிலங்களில் 2004இலிருந்து வன்முறை விட்டுவிட்டு நடக்கிறது. பெத்தோங் யாலாவைச் சேர்ந்தது. நம் வெளியுறவு அமைச்சின் அப்போதைய அறிவுரையைப் பார்த்துவிட்டே நாள் குறியுங்கள். முதல் பயணத்தில், பெத்தோங்குக்கு வடக்கே உள்ள ஆயெர்வெங்கைத் தாண்டி யாலா நகரம் பக்கம் போக வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

போகும் நாள்

காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். விடிந்தும் விடியாத நேரத்தில் தோட்டச் சாலை முனைகளில் செம்பனைக் குலை லோரிகள் ஏறும். அவை சிந்திய பழம் டயருக்கு அடியில் எண்ணெயாக நசுங்கிக் கிடக்கும். கோலகங்சார் வரை மெதுவாகவே போங்கள். அங்கிருந்து 76ஆம் எண் சாலை லெங்கோங் பள்ளத்தாக்கு வழியே வடக்கே போகிறது. கெரிக்கில் ஒரு தேநீர், கழிவறை, பெட்ரோல். தாங்கியை நிரப்பிவிட்டால் தாய்லாந்தில் பெட்ரோல் தேடும் வேலை இருக்காது. அங்கே போட வேண்டி வந்தால் கேசஹோல் 95 கேளுங்கள், அதில் பத்து விழுக்காடு எத்தனால் கலந்திருக்கும். இ20, இ85 என்று எழுதியதைக் காடியின் கையேடு அனுமதித்தால் ஒழியப் போடாதீர்கள்.

பெங்காலான் உலு சாவடி இரவு முழுதும் திறந்திருப்பதில்லை. தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும், திரும்பும்போது கணக்குத் தவற இதுவே போதும். காடியில் உள்ள கடிகாரத்தை மலேசிய நேரத்திலேயே விட்டுவிட்டு, கைப்பேசி அந்த ஊர் நேரம் காட்டட்டும். தீபாவளி, சீனப் புத்தாண்டு, பள்ளி விடுமுறை நாட்களில் வரிசை மணிக்கணக்கில் நீளும்.

நம் குடிநுழைவில் முத்திரை வாங்கியதும் மெதுவாக அந்தப் பக்கம் போய், சொன்ன இடத்தில் காடியை நிறுத்துங்கள். இருவரும் கடப்பிதழில் முத்திரை வாங்கிய பிறகு காடித் தாள்களோடு சுங்கத் துறை முகப்புக்குப் போங்கள். கறுப்புக் கண்ணாடி, தொப்பி கழற்றிவிடுங்கள். படம் எடுக்காதீர்கள்.

பெத்தோங்கில் மலாய் தெரிந்தவர்களும் சீன மொழி தெரிந்தவர்களும் நிறைய, அதனால் கடைகளில் பேச்சு சுலபம். மாட்டிறைச்சி வேண்டாம் என்றால் "மை சை நுவா" என்று சொல்லுங்கள். சைவம் என்றால் "ஜே" என்ற ஒரே சொல் போதும், அந்த எழுத்துள்ள மஞ்சள் கொடி கட்டிய கடைகளும் உண்டு. நம் வங்கிச் செயலியால் அங்குள்ள கியூஆர் குறியீட்டில் காசு கட்டலாம், என்றாலும் மலையில் சிக்னல் போனால் கையில் பாட் நோட்டு வேண்டும்.

410ஆம் எண் சாலை

அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் கை தடுமாறாது. வேறுபாடு மற்றவற்றில் இருக்கிறது. பக்கப்பெட்டி வைத்த மோட்டார்சைக்கிள்கள் விளக்கில்லாமல் போகும், நாய்கள் வளைவில் படுத்திருக்கும், ராணுவச் சாவடிகள் வரும். சாவடிக்கு முன் வேகம் குறைத்து, ஜன்னலை இறக்கி, இரவென்றால் முன்விளக்கைத் தாழ்த்தி உள்விளக்கைப் போடுங்கள். தலையசைத்துப் போகச் சொன்னால்தான் நகர வேண்டும்.

வழிகாட்டும் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்து, விடுதி, பெட்ரோல் நிலையம், மருத்துவமனை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். குறுக்குவழி என்று அது ரப்பர் தோட்டப் பாதைக்குள் இழுத்தால் கேட்காதீர்கள். செங்குத்தான, ஒரு காடி மட்டும் போகிற பாதையாக இருக்கும்.

பனிக்கடல் பார்க்க ஆயெர்வெங் மேடைக்கு விடியும் முன்பே போயாக வேண்டும். பெத்தோங்கிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல், முழுக்க வளைவு, இருட்டு, மூடுபனி. முதல் தடவை வருகிறவர்கள் இதை மட்டும் தாங்களே ஓட்ட வேண்டாம். முந்தின நாள் விடுதியில் சொல்லி உள்ளூர் வேன் பிடித்துப் போங்கள். அதே சாலையைப் பகலில் நீங்களே ஓட்டிப் பாருங்கள், அப்போதுதான் வேன்காரரின் கைத்திறனும் புரியும்.

மூடுபனியில் சிக்கினால் முன்விளக்கைத் தாழ்வில் வையுங்கள். உயர்த்தினால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். நாலு பக்க மினுக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டும் நம் ஊர்ப் பழக்கம் தவறு. பின்னால் வருபவருக்கு நாம் திரும்புகிறோமா நிற்கிறோமா என்றே தெரியாது. நின்றால் மட்டும்தான் அது.

பெத்தோங் பக்கத்துப் பியாமித் சுரங்கத்துக்கு ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியினர் 1976இல் மலையைக் குடைந்து தோண்டியது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று துரைமார்கள் சுடப்பட்டதில், அந்தக் கட்சியோடு அரசாங்கம் சண்டையிட்ட அவசரகாலம் தொடங்கியது. அதன் கடைசி முடிச்சு 1989 டிசம்பர் 2இல் ஹட்யாய் ஒப்பந்தத்தில் அவிழ்ந்தது. நம் ஊரிலிருந்து அங்கே போகிறவர்கள் அந்த நாற்பத்தோரு வருடத்தின் இரு முனைகளையும் ஒரே பயணத்தில் தொடுகிறார்கள். தாத்தா பாட்டியிடம் கம்பிவேலிப் புதுக்கிராமக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் அந்த இருட்டுக்குள் நிற்க வேண்டும்.

இரவில் பீர் குடிப்பவர்கள் மறுநாள் காலையைக் கணக்கில் வையுங்கள். இரு நாட்டிலும் ஓட்டுபவருக்கு அனுமதித்த மது அளவு 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 50 மில்லிகிராம்தான். நள்ளிரவு வரை குடித்தது காலை ஏழு மணிக்கும் ரத்தத்தில் இருக்கலாம்.

கெட்டுப்போனால்

பெடல் பஞ்சானால், எரிந்த வாடை வந்தால், அடுத்த ஒதுக்கிடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணும், வெடிக்கவும் செய்யும். கியரில் வைத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஓடும்போதே பெடல் முழுதும் உள்ளே போய்விட்டால் வேகவேகமாகப் பலமுறை மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பும். அதே நேரத்தில் கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கை பிரேக்கைப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மெல்ல மெல்ல இழுங்கள், வெடுக்கென்று இழுத்தால் காடி சுழன்றுவிடும். வேறு வழியே இல்லை என்றால் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கச் சரிவில் உரசி நிறுத்துங்கள். இஞ்சினை அணைக்காதீர்கள், ஸ்டீரிங் கனத்துவிடும்.

ஏற்றத்தில் வெப்பமுள் ஏறினால் குளிர்சாதனத்தை அணைத்து, ஒதுங்கி நிறுத்தி, பானெட்டைத் திறந்து வையுங்கள். ரேடியேட்டர் மூடியை ஆறும்வரை தொடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் 1155, ஆம்புலன்ஸ் 1669, போலீஸ் 191. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். விபத்து நடந்தால் காயம் பார்த்த பிறகு முதல் வேலை, நீட்டிப்பு கொடுத்த காப்புறுதி நிறுவனத்துக்குத் தகவல் சொல்வது. போலீஸ் அறிக்கை எடுக்காமல் திரும்பி வந்துவிட்டால் இழப்பீடு கேட்பது பெரும்பாடு.

திரும்பி வந்ததும்

எல்லையில் சுங்கத் தாளைக் கொடுக்கும் முன் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். வழியில் டயர் மாற்றியிருந்தால் 80, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும், பலர் மறந்துவிடுகிறார்கள். சிறிய தற்காலிக டயர் என்றால் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் வந்து, ஊர் சேர்ந்ததும் முதல் வேலையாக நல்ல டயரை மாட்டுங்கள். அந்த வாரத்துக்குள் பட்டறையில் முன்சக்கரத்தைக் கழற்றிப் பேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்தால் அது வெந்துபோயிருக்கிறது, கனம் மீதமிருந்தாலும் மாற்றிவிட வேண்டும். இரண்டு பக்கப் பேடும் சமமாகத் தேயவில்லை என்றால் பேடை அழுத்தும் கேலிப்பர் சிக்கியிருக்கிறது என்று பட்டறைக்காரரிடம் சொல்லிக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டச் சொல்லுங்கள்.